தீக்காயத்தில் மஞ்சள்: கொண்டு சேர்க்கும் வழி

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

செடிகொடிகளில் உள்ள மருந்துப் பொருள்களைத் தீக்காயத்துக்குக் கொண்டு சேர்ப்பதில் நானோ தொழில்நுட்பம் என்ன செய்கிறது என்று பேசும்படி நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள். மருந்தாக்கவியல் கற்பிக்கும் ஆசிரியை நான். ஒரு மருந்து உடம்பில் எந்த இடத்துக்குப் போக வேண்டும், எந்த அளவில் போக வேண்டும், அங்கே எவ்வளவு நேரம் தங்க வேண்டும் என்று பார்ப்பதுதான் எங்கள் துறையின் வேலை. அந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பொருள் மஞ்சள். பல ஆண்டுகளாக அதோடுதான் என் ஆராய்ச்சி.

மஞ்சளோடு இவ்வளவு காலம் பழகியவள் முதலில் சொல்லப்போவதைக் கேட்டால் சிலருக்கு வியப்பாக இருக்கும். தீப்பட்ட இடத்தில் மஞ்சள்தூளைப் போடாதீர்கள். இட்லி மாவு, பற்பசை, பேனா மை, தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். ஐஸ் கட்டியும் வேண்டாம். குழாயைத் திறந்து, ஓடும் குளிர்ந்த தண்ணீரில் காயத்தை 20 நிமிடம் காட்டுங்கள். ரசப் பாத்திரத்தை இழுத்துக் கவிழ்த்துக்கொண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது 20 நிமிடம் மிக நீளமாகத் தோன்றும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நில்லுங்கள். காயம் பெரியதாக இருந்தால் உடம்பின் மற்றப் பகுதி குளிர்ந்துவிடாமல் துணியால் மூடிக்கொள்ளுங்கள். மோதிரம், வளையல், மெட்டி எல்லாவற்றையும் வீக்கம் வருவதற்குள் கழற்றிவிடுங்கள். பிறகு சுத்தமான துணியால் மூடி, 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போங்கள். உடனே தண்ணீர் காட்ட முடியாமல் போனாலும், தீப்பட்ட மூன்று மணி நேரத்துக்குள் காட்டினால் பலன் உண்டு.

உலக சுகாதார நிறுவனம் தீக்காய முதலுதவி பற்றிச் சொல்லும் அறிவுரையில், காயத்தில் போடக்கூடாதவை என்று களிம்பு, எண்ணெய், பஞ்சு ஆகியவற்றோடு மஞ்சளையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறது. நம் வீடுகளில் நடப்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

ஏன் கூடாது? மருத்துவமனைக்குப் போனதும் மருத்துவர் என்ன செய்வார் என்று பாருங்கள். காயத்தின் மீது விரலை வைத்து லேசாக அழுத்துவார். அழுத்திய இடம் வெளுக்கும். விரலை எடுத்ததும் சிவப்பு திரும்பி வருகிறதா, எவ்வளவு விரைவாக வருகிறது என்று கவனிப்பார். உள்ளே ரத்த ஓட்டம் இருக்கிறதா, காயம் எவ்வளவு ஆழம், தோல் ஒட்ட வேண்டியிருக்குமா என்பதையெல்லாம் அந்த நிறம்தான் அவருக்குச் சொல்லும். மேலே மஞ்சள் அப்பியிருந்தால் எதைப் பார்ப்பார்? அதைத் தேய்த்துக் கழுவியாக வேண்டும். வெந்த தோலில் தேய்ப்பது என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. இன்னொன்று, சமையலறை டப்பாவில் இருக்கும் மஞ்சள்தூள் கிருமி நீக்கியதல்ல. குழம்பில் கொதிக்கும்போது அது ஒரு பொருட்டில்லை. தோலே இல்லாத சதையில் பெரிய பொருட்டு.

அப்படியானால் மஞ்சளில் மருந்து இல்லையா? இருக்கிறது. நான் பேச வந்ததே அதைத்தான்.

தீக்காயத்துக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். 1953-ல் ஜாக்சன் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் தீக்காயத்தை மூன்று வட்டங்களாகப் பிரித்துக் காட்டினார். நடுவட்டம் முழுவதும் வெந்து இறந்த பகுதி. அதைக் காப்பாற்ற முடியாது. வெளிவட்டம் சிவந்திருக்கும், தானாகவே ஆறிவிடும். இரண்டுக்கும் இடைப்பட்ட வட்டம்தான் முக்கியம். அங்கே ரத்த ஓட்டம் மந்தமாகி, திசுக்கள் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கும். அடுத்த இரண்டு மூன்று நாள்களில் அது பிழைக்கவும் செய்யலாம், இறந்து நடுவட்டத்தோடு சேர்ந்துவிடவும் செய்யலாம். நேற்று மேலோட்டமாகத் தெரிந்த காயம் இன்று ஆழமாகிவிட்டதே என்று உறவினர்கள் பதறுவார்கள். இடைவட்டம் தோற்றுவிட்டது என்று பொருள். மிதமிஞ்சிய அழற்சியும், அங்கே பெருகும் ஆக்சிஜன் சார்ந்த தீவிரமான மூலக்கூறுகளும், கிருமித் தொற்றும் அதைக் கொல்கின்றன. முதலில் காட்டும் 20 நிமிடத் தண்ணீர் இந்த இடைவட்டத்தைக் காப்பாற்றத்தான்.

மஞ்சளில் உள்ள குர்குமின் இந்த இடத்துக்குத்தான் தேவைப்படுகிறது. அழற்சியைத் தணிக்கிறது, அந்தத் தீவிர மூலக்கூறுகளைப் பிடித்து அடக்குகிறது, சில கிருமிகளின் வளர்ச்சியையும் தடுக்கிறது. 1815-லேயே ஐரோப்பியர்கள் இதை மஞ்சளிலிருந்து பிரித்து எடுத்துவிட்டார்கள். இருநூறு ஆண்டுகள் ஆகியும் ஏன் ஒரு தீக்காய மருந்து வரவில்லை? விடை உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. ஆய்வுக்கூடம் வேண்டாம், உங்கள் அடுப்படியும் துணி உலர்த்தும் கொடியும் போதும்.

ஒரு தம்ளர் தண்ணீரில் மஞ்சள்தூளைப் போட்டுக் கலக்குங்கள். கலங்கி நிற்கும், கொஞ்ச நேரத்தில் அடியில் படிந்துவிடும். அதையே எண்ணெயில் போட்டால் எண்ணெய் முழுவதும் நிறம் ஏறிவிடும். குர்குமினுக்கு எண்ணெய்தான் சினேகம், தண்ணீர் ஆகாது. காயமோ ஈரம் நிறைந்த இடம். தூளாகப் போட்டால் மேலேயே கிடக்கும், உள்ளே இறங்காது.

அடுத்து, வெள்ளை வேட்டியில் சாம்பார் பட்ட கறை. எத்தனை துவைத்தாலும் போகாத கறை, நல்ல வெயிலில் காயப் போட்டால் மங்கிவிடுகிறதே, கவனித்திருக்கிறீர்களா? வெளிச்சம் குர்குமினைச் சிதைக்கிறது. பாட்டிமார்களுக்குத் தெரிந்த விஷயம் இது. களிம்பில் போட்டு அலமாரியில் வைத்தால் அங்கேயும் வெளிச்சம் தன் வேலையைச் செய்யும்.

மூன்றாவதாக ஆரத்தித் தட்டு. மஞ்சள் கரைத்த நீரில் துளி சுண்ணாம்பு சேர்த்ததும் ரத்தச் சிவப்பாகிறது. கறை பட்ட துணியில் சோப்புப் போட்டாலும் அந்த இடம் சிவக்கும். காரத்தன்மை பட்டதும் குர்குமின் வேறு வடிவத்துக்கு மாறுகிறது; அந்த வடிவத்தில் வெகு சீக்கிரம் உடைந்துபோகிறது. சுண்ணாம்பு அளவுக்குக் காரம் கூடத் தேவையில்லை. ரத்தத்தைப் போல ஏறக்குறைய நடுநிலையில் உள்ள கரைசலில், உடம்புச் சூட்டில் வைத்தால், அரை மணி நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு குர்குமின் சிதைந்துவிடுகிறது. நலமான தோலின் மேற்பரப்பில் அமிலத்தன்மை இருக்கும். திறந்த காயம் காரத்தின் பக்கம் சாயும். ஆக, எந்த இடத்தில் மருந்து நிலைக்க வேண்டுமோ அந்த இடமே அதற்குப் பகை.

ஆனால் கரைசலில் ரத்தப் புரதங்கள் கலந்திருந்தால் இந்தச் சிதைவு வெகுவாகக் குறைகிறது. புரதத்தையோ கொழுப்பையோ பற்றிக்கொண்டிருக்கும்போது குர்குமின் பிழைத்திருக்கிறது. தண்ணீரிலிருந்து அதை மறைத்து, எதற்குள்ளாவது வைத்து அனுப்பினால் போதும் என்ற எண்ணம் அங்கிருந்து பிறந்தது.

இங்கே ஒரு பழைய வழக்கைச் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. 1995-ல் அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கென்று ஒரு காப்புரிமை வழங்கப்பட்டது. காயத்துக்கு மஞ்சள் என்பது புதுக் கண்டுபிடிப்பாம்! நம் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றம், மஷேல்கர் தலைமையில், அதை எதிர்த்து நின்றது. இது எங்கள் வீட்டு வழக்கம் என்று வாயால் சொன்னால் எடுபடாது, அச்சில் காட்ட வேண்டும். பழைய சமஸ்கிருத நூல்களையும், 1953-ல் இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்த ஒரு கட்டுரையையும் தேடி எடுத்து வைத்தார்கள். 1997-ல் காப்புரிமை ரத்தானது. இன்றும் எனக்கு நெஞ்சு நிமிரும் செய்தி அது. ஆனால் என் மாணவர்களிடம் ஒன்றைச் சேர்த்தே சொல்வேன்: மஞ்சள் நமக்குப் பழையது என்பது அந்த வழக்கில் நிரூபணமானது. அதை மருந்தாக்கும் வேலை அன்றும் பாக்கி இருந்தது, இன்றும் பாக்கி இருக்கிறது.

அந்த வேலையைத் தொடங்கியவர்களில் சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் உண்டு. காலணித் தோலுக்கும் காயத்துக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். மாட்டுத் தோலிலும் நம் தோலிலும் அடிப்படை நார் ஒன்றுதான், கொலாஜன் என்ற புரதம். அந்தக் கொலாஜனை மெல்லிய படலமாக வார்த்து, அதற்குள் குர்குமினைச் சேர்த்து எலிகளின் காயங்களில் வைத்துப் பார்த்து, 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். காயம் விரைவாகச் சுருங்கியது. அது சாதாரணக் காயம், தீக்காயம் அல்ல. என்றாலும் புரதத்துக்குள் குர்குமினை வைக்கலாம், அங்கிருந்து அது காயத்துக்கு மெல்ல மெல்ல இறங்கும் என்று காட்டியது.

இனி நானோவுக்கு வருகிறேன். ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். உங்கள் தலைமுடி சுமார் 80,000 நானோமீட்டர் தடிமன். ஒரு பாக்டீரியா சுமார் 1,000. நாங்கள் செய்யும் துகள் 100, 200 என்ற அளவு. சிறியதாக்கினால் என்ன லாபம்? பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் உள்ள ஒரு கனசதுரக் கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு பக்கங்களையும் கூட்டினால் மேற்பரப்பு ஆறு சதுர சென்டிமீட்டர்தான். அதே கட்டியை 100 நானோமீட்டர் கட்டிகளாக நறுக்கினால் மொத்த மேற்பரப்பு 60 சதுர மீட்டராகிவிடும், ஏறக்குறைய 650 சதுர அடி. பொருள் அதேதான், கூடியது ஒரு துளியும் இல்லை. காயத்தையும் கிருமியையும் தொடும் பரப்பு மட்டும் இத்தனை மடங்கு பெருகிவிடுகிறது.

துகளுக்குள் மருந்தை வைக்கப் பல வழிகள் உண்டு. கொழுப்பு மூலக்கூறுகளைத் தண்ணீரில் முறைப்படி கலந்தால் அவை தாமாகவே நுண்ணிய உருண்டைகளாகச் சுருண்டுகொள்ளும். இவற்றுக்கு லிபோசோம் என்று பெயர். கொழுக்கட்டையில் பூரணம் உள்ளே இருக்கும். இதில் குர்குமினுக்கு இடம் அந்தக் கொழுப்பாலான மேல்மாவிலேயே அமைந்துவிடுகிறது, எண்ணெய்ச் சினேகம் என்றேனே, அதனால். இன்னொரு வழி நானோ இழை. பாலிமரை, அதாவது நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆன பொருளை, கரைத்து ஊசி வழியாகச் சொட்டவிட்டு, பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் கொடுத்தால் சொட்டு நீண்டு, கண்ணுக்குத் தெரியாத நூலாகி, எதிரே உள்ள தகட்டில் வெள்ளைப் படலமாகப் படியும். இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் கைட்டோசானிலும் இந்த இழையை நூற்கலாம். தோலில் உள்ள கொலாஜன் நார்களும் ஏறக்குறைய இதே பருமன் என்பதால், புதிதாக வளரும் செல்கள் இந்தப் படலத்தைப் பற்றிக்கொண்டு நகர்கின்றன.

2015-ல் நியூயார்க்கில் உள்ள ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள், 200 நானோமீட்டரை ஒட்டிய அளவுள்ள துகள்களில் குர்குமினை அடைத்து, மருந்துக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி தொற்றிய எலிகளின் தீக்காயத்தில் போட்டுப் பார்த்தார்கள். கிருமி குறைந்தது, காயமும் விரைவாக ஆறியது.

கிருமி, கிருமி என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தீக்காயப் பிரிவில் வேலை செய்யும் செவிலியரைக் கேட்டுப் பாருங்கள். கட்டைப் பிரித்ததும் துணியில் பச்சை நிறம் தெரிந்தால் அவர்கள் முகம் மாறிவிடும். சூடோமோனாஸ் என்ற கிருமி வந்து குடியேறிவிட்டது என்பதற்கு அது அடையாளம்.

கட்டைப் பிரிப்பது என்றேன். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். தீக்காயப் பிரிவுக்குப் போகும்போதெல்லாம் என்னை வருத்துவது அந்த நேரம்தான். காயத்திலிருந்து கசிந்த நீர் வலைத்துணியில் காய்ந்து, துணியும் சதையும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். உப்பு நீரை ஊற்றி ஊற்றி நனைப்பார்கள். ஓரத்திலிருந்து மெல்லத் தூக்குவார்கள். எவ்வளவு பொறுமையாக எடுத்தாலும், முந்தைய நாள்களில் வளர்ந்த மெல்லிய புதுத்தோலும் அதோடு சேர்ந்து வந்துவிடும். நோயாளி அலறுவார், அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும் அம்மாவோ மனைவியோ வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். மறுநாள் மீண்டும் அதே. சில்வர் சல்ஃபடயசீன் என்ற வெள்ளைக் களிம்பு 1968 முதல் உலகம் முழுவதும் உயிர்களைக் காத்து வருகிறது. ஆனால் அதைத் தினம் ஒருமுறையோ இருமுறையோ புதிதாகப் பூச வேண்டும்.

தீக்காயக்காரரை வாழையிலையில் கிடத்துவது நம் ஊர்ப் பழக்கம். மும்பையில் சயான் மருத்துவமனை என்று எல்லோரும் அழைக்கும் லோகமான்ய திலக் மருத்துவமனையின் அறுவை மருத்துவர்கள் இதை முறைப்படி சோதித்துப் பார்த்தார்கள். இலையைத் துணியில் ஒட்டி, கிருமி நீக்கி, காயத்தின் மீது கட்டாக வைத்தார்கள். இலையின் மேல் உள்ள மெழுகுப் பூச்சு காயத்தில் ஒட்டாது. பிரிக்கும்போது வலி வெகுவாகக் குறைந்தது. அதற்கு முன்பே மும்பையில் உருளைக்கிழங்குத் தோல் கட்டு வந்திருந்தது. வாழையிலை அதே அளவு வேலை செய்தது, செலவோ அதைவிடக் குறைவு. 2003-ல் தீக்காயத்துக்கென்றே உள்ள பன்னாட்டு இதழில் இது வெளிவந்தது. நம் கொல்லையில் ஆடும் இலை, கிருமி நீக்கப்பட்டு, ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டு, எழுதி வைக்கப்பட்டது. மஞ்சளுக்கும் நான் கேட்பது இதே மரியாதையைத்தான்.

நானோ கட்டு இந்த வலியைத்தான் குறைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மருந்து துகளிலிருந்து நாள்கணக்கில் மெல்லக் கசிந்தால் தினமும் கட்டைப் பிரிக்க வேண்டியதில்லை. இது வெறும் ஆசை அல்ல. 1990-களில் கனடாவில் உருவான நானோ படிக வெள்ளிக் கட்டை மூன்று நாள், சில வகைகளை ஏழு நாள் வரை அப்படியே விட்டுவைக்கலாம். வெள்ளியால் முடிந்தது செடிப்பொருளாலும் முடிய வேண்டும். ஒரு புதிய கட்டு காயத்தை எத்தனை நாள் முன்னதாக ஆற்றியது என்று ஆய்வுக் கட்டுரைகள் எழுதுகின்றன. எத்தனை முறை பிரிக்க வேண்டியிருந்தது என்பதையும் அதே வரியில் எழுத வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

கண்ணாடிக்கு அப்பால் இருந்து நேரம் நெருங்குகிறது என்று சைகை காட்டுகிறார்கள். வல்லாரை பற்றியும் கற்றாழை பற்றியும் விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கிக்கொள்கிறேன். வல்லாரையில் உள்ள ஆசியாட்டிகோசைடு என்ற மருந்துப் பொருள் 1941-ல் பிரித்தெடுக்கப்பட்டது. கொலாஜன் உற்பத்தியைத் தூண்டுவது. அதன் மூலக்கூறு பெரியது, தோலுக்குள் எளிதில் இறங்காது, ஆகவே அதற்கும் லிபோசோம்தான் வழி. கற்றாழையை 1935-லேயே அமெரிக்காவில் எக்ஸ்ரே கதிரால் வெந்த தோலுக்குப் பயன்படுத்தி எழுதிவைத்திருக்கிறார்கள்.

அவசியம் சொல்ல வேண்டிய ஒன்று. எலியின் தோல் தளர்வானது, அடியில் அதற்கென்றே ஒரு மெல்லிய தசை உண்டு. காயம் பட்டால் ஓரங்கள் இழுத்துக்கொண்டு மூடிவிடும். நம் தோல் அப்படி அல்ல, புதுத்திசு வளர்ந்து நிரம்ப வேண்டும். அதனால் எலியில் விரைவாக மூடிய காயத்தைக் கண்டு மனிதருக்கும் மருந்து வந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. மூலிகை நானோ ஆய்வுகளில் பெரும்பகுதி இன்னும் எலியோடுதான் நிற்கிறது. சிறிய துகள் திறந்த காயம் வழியே ரத்தத்தில் கலந்து எங்கே போகிறது என்றும் பார்த்தாக வேண்டும். நானோ வெள்ளிக் கட்டு வைத்த ஒரு நோயாளிக்குத் தோல் சாம்பல் நிறமாகி, கல்லீரல் நொதிகள் உயர்ந்தது 2006-ல் பதிவாகியிருக்கிறது.

செடியிலிருந்து வந்து, மனிதர்களிடம் சோதித்து, ஒப்புதல் பெற்ற தீக்காய மருந்துகளும் இருக்கின்றன. அன்னாசித் தண்டின் நொதிகளால் ஆன மருந்து, வெந்து இறந்த திசுவை நான்கு மணி நேரத்தில் கரைத்து எடுக்கிறது. ஐரோப்பாவில் 2012-ல், அமெரிக்காவில் 2022-ல் ஒப்புதல் பெற்றது. பிர்ச் மரப்பட்டையின் சாற்றைச் சூரியகாந்தி எண்ணெயில் சேர்த்த களிம்புக்கு 2016-ல் ஐரோப்பா அனுமதி தந்தது. இரண்டுமே நானோ மருந்துகள் அல்ல. ஆனாலும் செடியிலிருந்து மருத்துவமனை வரை பாதை ஒன்று உண்டு என்று காட்டுகின்றன.

இப்போது கடைகளில் நானோ குர்குமின் என்று அச்சிட்ட மாத்திரைகளும் களிம்புகளும் கிடைக்கின்றன. வாங்குகிறவர்கள் பெட்டியைத் திருப்பிப் படியுங்கள். திறந்த தீக்காயத்துக்கு என்று அதில் எழுதியிருக்கிறதா, உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதைக் காயத்தில் தடவாதீர்கள். எதற்கும் முன்னால் தண்ணீர், 20 நிமிடம்.

கேட்டுக்கொண்டிருந்த உங்கள் எல்லோருக்கும், அழைத்த நிலையத்தாருக்கும் நன்றி. வணக்கம்.